முள் எப்போது ஏறுகிறது? கார் இன்ஜின் சூடாவதை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

"வண்டி ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உடனே காரணம் சொல்ல முடியாது. "சிக்னல்ல நின்னா முள் ஏறுது, கிளம்பினா இறங்கிடுது" என்று சொல்லிப் பாருங்கள் (டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்தான்). பானட்டைத் திறக்கும் முன்பே அவர் மனம் ஃபேன் பக்கம் போய்விடும். எப்போது சூடாகிறது, எவ்வளவு நேரத்தில் சூடாகிறது, எது செய்தால் இறங்குகிறது: இந்த மூன்றையும் கவனித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் இன்ஜினைக் கொல்கிறது. இன்ஜினைக் குளிர்விக்க மூடிய வட்டத்துக்குள் சுற்றும் தண்ணீர், அதாவது கூலன்ட், தானாகக் குறையாது. குறைந்தால் ஏதோ ஒரு வழியாகப் போயிருக்கிறது, அந்த வழியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

சாலையோரத்தில் நின்றுகொண்டு இதைப் படிப்பவர்கள் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் முதலில் பாருங்கள். மற்றவை வீட்டுக்குப் போன பிறகு.

இப்போதே முள் ஏறிக்கொண்டிருந்தால்

ஏசியை அணையுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் தன் சூட்டையும் ரேடியேட்டர் மேல்தான் தள்ளுகிறது. கம்ப்ரசரை இழுக்கும் பாரமும் இன்ஜினுக்குக் குறையும். அடுத்து ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள், ஜன்னல்களை இறக்குங்கள். வெயிலில் இது கொடுமைதான். ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினில் சுற்றும் அதே கூலன்ட் அதன் வழியாகவும் ஓடுகிறது. இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது காருக்குள் இறக்கிவிடும். முள் நடுவுக்குத் திரும்ப சில நேரம் இதுவே போதும்.

நெரிசலில் மாட்டியிருந்தால் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து, 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் வாட்டர் பம்ப் இன்ஜினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, வேகம் கூடினால் தண்ணீர் ஓட்டமும் கூடும். முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிற்காதீர்கள். அதன் சைலன்சர் சூடு நேராக உங்கள் ரேடியேட்டருக்குத்தான் வரும்.

இவ்வளவு செய்தும் முள் சிவப்பைத் தொட்டால், அல்லது சிவப்பு விளக்கு எரிந்தால், அல்லது பானட் ஓரத்தில் ஆவி தெரிந்தால் பேச்சே இல்லை. பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள், இன்ஜினை அணையுங்கள், ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற நினைப்பு வரும். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் இன்ஜின் போகிறது. பல இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம், கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். பல இன்ஜின்களில் ஹெட்டின் அடிப்பக்கம் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான் வளையலாம். ஒரு தலைமுடியின் பருமன் அவ்வளவுதான் இருக்கும். அதைத் தாண்டினால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைத்திருக்கும் கேஸ்கெட் பிடிக்காது.

நிறுத்திய பிறகு

வெளியே வருவது ஆவியா, புகையா என்று முதலில் பாருங்கள். ஆவி வெள்ளையாக எழுந்து காற்றில் கரைந்துவிடும், கூலன்டின் இனிப்பு வாசம் அடிக்கும். அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு பானட்டைத் திறக்கலாம். கருகிய ரப்பர் நாற்றமோ, பிளாஸ்டிக் எரியும் நாற்றமோ, கறுப்புப் புகையோ வந்தால் பானட்டைத் தொடாதீர்கள். திறந்தால் தீக்குக் காற்றுக் கிடைக்கும். எல்லோரையும் இறக்கித் தள்ளிப் போய் நின்று, தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

ஆவிதான் என்றால், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: காத்திருப்பது. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி. அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுவதால் முதல் சில நிமிடங்கள் சூடு இன்னும் கொஞ்சம் ஏறவே செய்யும். பானட்டுக்குள் கைவிடும்போது ஃபேனிலிருந்து விலகியே இருங்கள். சாவியைக் கையில் எடுத்த பிறகும் மின்சார ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும் வண்டிகள் நிறைய உண்டு.

இனி மூடி. சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். துணி போட்டுத் திறந்தாலும் ஆபத்து ஆபத்துதான். காரணத்தைத் தெரிந்துகொண்டால் கை தானாக விலகும். அந்த மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். அந்த அழுத்தத்தில் 130 டிகிரியை நெருங்கினால்தான் கொதிக்கும். உள்ளே 115 டிகிரியில் அமைதியாகக் கிடக்கும் திரவம், மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமாகக் கொதித்துக் கிளம்பும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். மூடிக்கு நேர் மேலே இருப்பது உங்கள் முகமும் கையும்.

ஆறிவிட்டதா என்று பார்க்க, மேல் ஹோஸைத் தடித்த துணியோடு பிடித்து அழுத்துங்கள். டயர் மாதிரி விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. தொட முடிகிற சூட்டில், அழுத்தினால் அமுங்கினால், மூடியைத் துணியோடு கால் திருகு மட்டும் திருகி நிறுத்துங்கள். சீறல் அடங்கட்டும், பிறகு எடுங்கள்.

தண்ணீர் குறைந்திருந்தால் மெதுவாக ஊற்றுங்கள். அவசரத்துக்குக் குடிநீர் போதும், கடல் நீரும் உப்புத் தண்ணீரும் கூடாது. கொதிக்கும் இன்ஜின் மேல் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளேயும் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சூடான உலோகம் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை லிட்டருக்கும் மூன்று லிட்டருக்கும் அர்த்தம் வேறு. சாதாரணக் கார்களில் மொத்தமே ஏறக்குறைய 4 முதல் 8 லிட்டர்தான்.

கிளப்பலாமா? ஊற்றியது கீழே ஒழுகாமல், பெல்ட் இடத்தில் இருந்து, ஆயிலும் சரியாக இருந்தால் கிளப்பி, ஹீட்டரைப் போட்டபடி, முள்ளைப் பார்த்துக்கொண்டே பக்கத்து மெக்கானிக் வரை போகலாம். ஊற்ற ஊற்ற ஒழுகினால், ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால், கிளப்பியதும் இன்ஜின் தட்டினால், கட்டி இழுத்துப் போவதுதான் சரி.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இது ஃபேன் கோளாறு என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது, நிற்கும்போது ஃபேன் மட்டுமே காற்றை இழுத்தாக வேண்டும்.

இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஃபேன் ஃப்யூஸைப் பாருங்கள். ஃப்யூஸ் நன்றாக இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு பெட்டி) கழற்றி ஃபேன் ரிலே இடத்தில் மாட்டிப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் ரிலே போயிருக்கிறது. அப்போதும் சுற்றாவிட்டால் ஃபேன் மோட்டாரோ வயரோ. ஏசிக்குச் சுற்றுகிறது, இன்ஜின் சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சூட்டை அளக்கும் சென்சாரையோ ஃபேன் சுவிட்சையோ பாருங்கள்.

ஃபேன் சுற்றுவதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் வேகக் கட்டுப்பாட்டு ரெசிஸ்டர் போனால் மெது வேகம் மட்டும் போய்விடும், வேக ஓட்டம் இருக்கும். வேக ஓட்டத்தின் ரிலே போனால் மெதுவாக மட்டும் சுற்றும். மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்த பிறகு ஒயரைத் திருப்பிக் கொடுத்து ஃபேன் எதிர்ப்புறம் சுற்றுவதும் உண்டு. ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முன்பக்கம் வைத்துப் பாருங்கள். காகிதம் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து வெளியே வந்தால் ஃபேன் காற்றைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

பெல்ட்டால் சுற்றும் பழைய மாடல் ஃபேன் என்றால், இன்ஜின் அணைந்திருக்கும்போது கையால் சுற்றிவிடுங்கள். பிடிமானமே இல்லாமல் பல சுற்றுச் சுற்றினால், ஃபேனைப் பிடித்துச் சுற்ற வைக்கும் விஸ்கஸ் கிளட்ச் முடிந்துவிட்டது. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும், காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் சுற்றி வரும். "அது சும்மா கவர்தானே" என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும், நெரிசலில் அவர்களுக்கு அதன் அருமை புரிந்திருக்கும்.

வேகமாகப் போனால் மட்டும் ஏறுகிறது

நகரத்துக்குள் நன்றாக ஓடும், நெடுஞ்சாலையில் ஏறும். இங்கே ஃபேனுக்கு வேலை இல்லை, காற்று ஏராளம். கூலன்ட் ஓட்டம் போதவில்லை, அல்லது ரேடியேட்டரால் சூட்டை இறக்க முடியவில்லை.

ரேடியேட்டர் உள்ளே அடைத்திருப்பதுதான் அடிக்கடி காண்பது. கடின நீர் ஊற்றி ஊற்றிச் சுண்ணாம்புப் படிவு குழாய்களை மூடிவிடும். வண்டியை ஓட்டி வந்து அணைத்துவிட்டு, ஃபேனும் நின்ற பிறகு, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை அங்கங்கே அளந்து பாருங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கத்துக்குச் சூடு சீராக இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

வெளி அடைப்பை ஆளுக்கு ஆள் மறந்துவிடுகிறோம். முன்னால் இருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாக இருக்கும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளியில் பூச்சி, இலைச் சருகு, பஞ்சு, மண் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேலே இருந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரால் தள்ளிக் கழுவுங்கள். பிரஷர் வாஷை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும்.

இன்னொரு காரணம் கொஞ்சம் வினோதமானது. பெரும்பாலான கார்களில் கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்ப் கூலன்டை உறிஞ்சுகிறது. ஹோஸ் பழசாகி மெலிந்தாலோ, உள்ளே இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்துப் போனாலோ, ஐட்லிங்கில் ஒழுங்காக இருக்கும், 3,000 ஆர்பிஎம்மில் உறிஞ்சலுக்குத் தாங்காமல் சப்பிப்போகும். ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்வது போல. ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, மற்றவர் தள்ளி நின்று ஹோஸைப் பார்த்தால் கண்முன்னே தெரியும். முதல் தடவை இதைப் பார்த்தபோது, இரண்டு மாதம் ரேடியேட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேனே என்று மனம் நொந்துபோனது.

வாட்டர் பம்ப்பும் இந்தப் பட்டியலில் உண்டு. பம்ப்பின் உள்சக்கரம் அரித்துப் போயிருக்கலாம். பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் தண்டை விட்டுக் கழன்று சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாம். பம்ப் உடலில் ஒரு சிறிய கசிவுத் துளை இருக்கும். அதன் கீழே காய்ந்த கூலன்டின் நிறத் தடம் தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்ப்பின் நாள் எண்ணப்படுகிறது.

கிளப்பிச் சில நிமிடத்திலேயே ஏறுகிறது

தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகியிருக்கலாம், அல்லது கூலன்ட் மிகவும் குறைவு. இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது தெர்மோஸ்டாட். வழக்கமாக 82 முதல் 92 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். முள் நடுவைத் தாண்டி ஏறியும் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், அது திறக்கவில்லை.

கழற்றியதை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அடுப்பை மெதுவாக எரிய விடுங்கள். பித்தளை விளிம்பில் எந்த எண் பொறித்திருக்கிறதோ, அந்த டிகிரி வாக்கில் வால்வு மயிரிழை விலகத் தொடங்கும். இன்னும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் நன்றாகத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளுவதைத்தான் பார்க்கிறீர்கள். தண்ணீர் கொதித்தும் அசையாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். இன்ஜின் தன் சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வந்து, சூடு இன்னும் கூடும்.

கூலன்ட் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை

மனிதர்களை அதிகம் அலைய வைப்பது இதுதான்.

முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். மற்றவர்கள் கடைசியில் பார்ப்பதை நான் முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வண்டியில் ரேடியேட்டரே மாற்றப்பட்டது, பிறகு தெர்மோஸ்டாட், பிறகு ஹோஸ்கள். கடைசியில் மூடியைத் தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தபோது, ரப்பர் வளையத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு. அழுத்தம் பிடிக்காததால் கூலன்ட் சீக்கிரம் கொதித்து, ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. மூடியில் எழுதியிருக்கும் அழுத்த எண்ணும் உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். "இதுவும் பொருந்துது" என்பது போதாது.

மூடியில் இரண்டாவது வால்வு ஒன்றும் உண்டு. இன்ஜின் ஆறும்போது வெளி டேங்கிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுக்க விடுவது அதுதான். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் அந்த வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் வெளி டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆகவே தனி மூடி உள்ள ரேடியேட்டர் என்றால், வண்டி முழுக்கக் குளிர்ந்த நேரத்தில் அந்த மூடியையும் திறந்து பாருங்கள். டேங்க் கோட்டை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது காருக்குள். முன் இருக்கைக் கால்வைக்கும் இடத்தில் கார்பெட் ஈரமா? ஹீட்டர் போட்டால் இனிப்பு வாசமும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கான மூடுபனியும் வருகிறதா? ஹீட்டர் கோர் கசிகிறது. ஏசித் தண்ணீர் சொட்டியும் கார்பெட் நனையும், ஆனால் அதற்கு வாசமும் இருக்காது, பிசுக்கும் இருக்காது.

இவை எதுவும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட். இதற்கு அறிகுறிகள் சேர்ந்து வரும், ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் அடங்காத வெள்ளைப் புகை. காலையில் கிளப்பும்போது ஒரு சிலிண்டர் எரியாமல் சில நொடி உதறல், பிறகு சரியாகிவிடுவது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் விறைத்துவிடுவது. தண்ணீர் இன்னும் சூடாகாத அந்த நேரத்தில் அவ்வளவு அழுத்தம் வர நியாயம் இல்லை, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்தால்தான் வரும். குளிர்ந்த வண்டியில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கிளப்பி, ரேடியேட்டர் வாயில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறதா என்றும் பார்க்கலாம். சூடு ஏறும் முன் அணைத்துவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) ஆயில் பாலாடை நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. கிளப்பாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிர் மஞ்சள் நுரை இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில், குளிர் நாட்களில், உள்ளே படியும் ஈரம் அப்படிச் செய்யும். சந்தேகம் தீர, மெக்கானிக்கிடம் நீலத் திரவச் சோதனை கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்த குழாயில் இருக்கும் நீலத் திரவம், சிலிண்டரில் எரிந்த வாயு பட்டால் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் பெரிய செலவுக்கு முன் இந்தச் சின்னச் சோதனையை வலியுறுத்திக் கேட்பது உங்கள் உரிமை. அதோடு அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். கைப்பம்ப்பால் ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றி, அந்தப் பம்ப்பின் அழுத்த முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சூட்டில் ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் கசிவெல்லாம் அப்போது சொட்டாக வெளியே வரும்.

கசிவை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் ஊரை அடையும் வரைக்கும் தான். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

முள் ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது

ஹீட்டருக்குச் சூடான கூலன்ட் போய்ச் சேரவில்லை. கூலன்ட் மிகக் குறைவு, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் சுற்றவில்லை. மூன்றுமே அவசரம்தான், ஓட்டத்தைத் தொடராதீர்கள்.

கூலன்ட் மாற்றிய பிறகோ ஹோஸ் மாற்றிய பிறகோ இது தொடங்கினால் அநேகமாக ஏர் லாக். முன்சக்கரம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, மெதுவாக ஊற்றுங்கள். திருகு வழியாகக் குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வரும்போது இறுக்குங்கள். ஹோஸ்களைக் கையால் பிசைந்துவிட்டால் சிக்கிய காற்று நகரும். பிறகு கிளப்பி, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை விட்டு, முழுக்க ஆறியதும் அளவைச் சரிபாருங்கள். சில புது மாடல்களில் மின்சார வாட்டர் பம்ப் இருப்பதால் இதற்குத் தனி முறை உண்டு. வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுகிறது

"அப்பாடா" என்று தோன்றும். ஆனால் மிக ஆபத்தான அறிகுறி இதுதான். சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் மொத்தமும் போய், சென்சார் வெறும் காற்றில் நின்றால் முள் இறங்கிவிடும், இன்ஜினோ வெந்துகொண்டிருக்கும். இழுவை குறைந்து, கடகடவென்று தட்டும் சத்தமும் கேட்டால் உடனே அணையுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. இன்றைய கார்களின் முள் உண்மையான டிகிரியை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுபவர் பதறக்கூடாது என்று, ஒரு பெரிய வரம்புக்குள் சூடு ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே அது நடுவைத் தாண்டி அசைந்தாலே ஏற்கெனவே தாமதம்தான். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் சாக்கெட்) செருகும் ஒரு ஸ்கேனர் இருந்தால் உண்மையான எண்ணைப் பார்க்கலாம். ஒழுங்கான வண்டியில் அது பெரும்பாலும் 85 முதல் 105 டிகிரிக்குள் ஆடும். உங்கள் வண்டியின் வழக்கமான எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டால், முள் அசையும் முன்பே மாற்றம் பிடிபடும்.

முள் சிவப்பில் இருக்கிறது, ஆனால் ஹோஸ் சாதாரணச் சூடு, ஆவி இல்லை, கூலன்ட் சரியாக இருக்கிறது, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய உடனேயே முள் உச்சிக்குப் போகிறது என்றால் சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது. ஸ்கேனரிலோ அகச்சிவப்புத் தெர்மாமீட்டரிலோ சரிபார்த்த பிறகே அப்படி முடிவு செய்யுங்கள்.

முள் ஏறுவதோடு பேட்டரி விளக்கும் எரிகிறது

பெல்ட் அறுந்துவிட்டது. பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. பவர் ஸ்டியரிங்கும் இறுகும். உடனே நிறுத்துங்கள், ஓட்டினால் சில நிமிடத்தில் கொதிக்கும்.

மேட்டில் ஏறும்போது, ஏசி போட்டால், பாரம் ஏற்றினால் மட்டும்

குளிர்விக்கும் அமைப்பு விளிம்பில் வேலை செய்கிறது என்று பொருள். மேலே சொன்ன ரேடியேட்டர் அடைப்பு, மெது ஃபேன், பழைய மூடி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் என்றால் கண்டென்சர் இடுக்குக் குப்பையிலிருந்து தொடங்குங்கள். இவை எல்லாம் சரி என்றால், கிளட்ச் நழுவுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடவில்லை. மேட்டில் பெரிய கியரில் இன்ஜினைத் திணற விடாமல் ஒரு கியர் குறைத்து ஏறுங்கள், பம்ப்பும் வேகமாகச் சுற்றும்.

வராமல் பார்த்துக்கொள்ள

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவது பழைய பழக்கம். தண்ணீருக்குச் சூட்டை ஏந்தும் திறன் கூலன்டைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் அது துருவைத் தடுக்காது, அலுமினியத்தைக் காக்காது, சீக்கிரம் கொதிக்கும், குளிர் தேசத்தில் உறைந்து பிளாக்கையே பிளக்கும். அதே நேரம், கலக்காத கெட்டிக் கூலன்டை அப்படியே ஊற்றுவதும் தவறு. அது சூட்டை மோசமாகக் கடத்தும். பாதிக்குப் பாதி, கனிமம் நீக்கிய தண்ணீரில் கலந்தது பெரும்பாலான வண்டிகளுக்குச் சரி, உறைநிலையும் மைனஸ் 37 டிகிரி வரை இறங்கும். டப்பாவில் "கலந்து தயார்" என்று இருந்தால் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதற்குப் பொது விதி கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி நிறம் போடுகிறார். கையேட்டில் இருக்கும் தரக் குறியீட்டைப் பாருங்கள். ஒவ்வாத இரண்டைக் கலந்தால் துருத்தடுப்பு மருந்து வீணாகும், சில நேரம் கூழாகத் திரளவும் செய்யும். பழைய வகைக் கூலன்ட் 2, 3 ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. கரிம அமில வகை வழக்கமாக 5 ஆண்டு வரை தாங்கும்.

மாதம் ஒருமுறை, காலையில் கிளப்பும் முன், பானட்டைத் திறந்து ஐந்து நிமிடம் செலவிடுங்கள். கூலன்ட் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடும் தேதியும் போடுங்கள். அடுத்த மாதம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே தேடத் தொடங்கலாம். கூலன்ட் துருச் சிவப்பாகவோ கலங்கலாகவோ இருக்கக் கூடாது. ஹோஸை கிளாம்ப்புக்குப் பக்கத்தில் அழுத்துங்கள். வீக்கம் முதலில் அங்கேதான் வரும். பஞ்சு மாதிரி அமுங்கினாலும், மொறமொறவென்று வெடித்தாலும் மாற்றுங்கள். பெல்ட்டின் அடிப்பக்கம் விரிசல் பாருங்கள். டைமிங் பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப் என்றால், பெல்ட் மாற்றும்போதே பம்ப்பையும் மாற்றிவிடுங்கள், இரண்டாம் முறை அத்தனையும் கழற்ற வேண்டாம்.

வடித்த பழைய கூலன்டைத் தரையிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போதும் அவற்றின் சிறுநீரகம் செயலிழக்க. குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். சிந்தியதை அன்றே தண்ணீர் விட்டுத் துடைத்து எடுங்கள், கேனைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குளிர்பான பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.